விடுமுறை இணைப்பில் தளத்தின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. "விடுமுறையில் பார்க்க வேண்டிய இணையதளங்கள்" என்று நாளிதழ் இணைப்புகளில் பத்துப் பெயர்கள் அச்சாகும் பருவம் இது. பெயர் இருக்கும், பெயருக்குக் கீழே ஒற்றை வரி விளக்கம் இருக்கும். பிள்ளைகள் திறப்பார்கள், இரண்டு நிமிடம் விரலால் தடவிப் பார்ப்பார்கள், மூடிவிட்டு ரீல்ஸுக்குப் போய்விடுவார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. வேடிக்கையான தளங்கள் பலவற்றில் சின்னதாக ஒரு சூட்சுமம் இருக்கும். அது தெரியாவிட்டால் வெறும் படம். தெரிந்துவிட்டால் ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது. அந்தச் சூட்சுமத்தையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். மாதிரிக்குச் சில தளங்களைப் பற்றி எழுதுகிறோம். எதற்கும் கணக்குத் தொடங்க வேண்டாம், செயலி இறக்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். (ஜியோகெஸ்ஸர் அருமையான விளையாட்டு. ஆனால் கணக்கும் சந்தாவும் கேட்கிறது என்பதால் விட்டுவிட்டோம்.)

முகவரிகளை ஒலிப்படியே எழுதியிருக்கிறோம். கைப்பேசியின் தேடல் பெட்டியில் மைக் படத்தைத் தொட்டுப் பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் வந்துவிடும். முடிவுகளில் மேலே "ஸ்பான்சர்டு" என்று வருவதை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைத் தொட வேண்டும். "அறிவிப்புகளை அனுமதிக்கவா" என்று எந்தத் தளம் கேட்டாலும் "பிளாக்" கொடுங்கள். இந்தக் கடிதத்தில் வரும் எந்தத் தளத்துக்கும் அது தேவையில்லை.

முதலில் காற்று. எர்த் டாட் நல்ஸ்கூல் டாட் நெட். கேமரூன் பெக்காரியோ என்பவர் 2013-ல் உருவாக்கிய தளம். கறுப்புத் திரையில் பூமி உருண்டை, அதன்மேல் மயிரிழை மயிரிழையாக ஓடும் கோடுகள். அவைதான் காற்று. பலர் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவது இதைத்தான். உருண்டையைத் திருப்பி வங்காள விரிகுடாவை நடுவில் கொண்டுவந்து, மன்னார் வளைகுடாவில் ஓரிடத்தைத் தொடுங்கள். அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வேகத்தில் வீசுகிறது என்று மூலையில் எண் வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைத் தொட்டால் கிலோமீட்டர், நாட், மைல் என்று மாறிக்கொண்டே போகும். டிசம்பரில் கோடுகள் வடகிழக்கிலிருந்து கடலைத் தடவிக்கொண்டு நம் கரைக்கு வருவது தெரியும். பாடப்புத்தகத்தில் ஒற்றை அம்புக்குறியாகப் போட்டிருக்கும் வடகிழக்குப் பருவக்காற்று இதுதான்.

இடது மூலையில் "எர்த்" என்று எழுதியிருப்பதைத் தொட்டால் பட்டியல் விரியும். அதில் உயர வரிசையில் 250 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரம், விமானங்கள் பறக்கும் மட்டம். வட இந்தியாவுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு பாய்வது தெரியும். பட்டியலில் துகள்களுக்கான பகுதிக்குப் போனால் கங்கைச் சமவெளியின் மாசு எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பார்க்கலாம்.

இதில் மெய்யான சூட்சுமம் பழைய தேதிக்குப் போவது. உருண்டையை ஒருமுறை அசைத்த பிறகு முகவரிப் பட்டையில் நீளமாக ஒரு வரி சேரும். அதில் "கரண்ட்" என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 2018/11/15/1800 என்று அடித்து, இடைவெளி விடாமல் இசட் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். கஜா புயல் வேதாரண்யம் கரையை நெருங்கி நிற்பது தெரியும். புயல் கரை கடந்தது 16-ம் தேதி அதிகாலையில் அல்லவா, 15 என்று போடுகிறோமே என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள். தளத்தின் நேரம் கிரீன்விச் நேரம். நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். 15-ம் தேதி 18 மணி என்பது நமக்கு இரவு பதினொன்றரை. 16 என்று போட்டு 0000 கொடுத்தால் நமக்கு விடிகாலை ஐந்தரை ஆகிவிடும், புயல் அதற்குள் நிலத்துக்குள் நுழைந்திருக்கும். பட்டியலில் உள்ள ஒற்றை அம்பை அழுத்தினால் மூன்று மணி நேரமும், இரட்டை அம்பை அழுத்தினால் ஒரு நாளும் நகரும். 15 மதியத்திலிருந்து ஒற்றை அம்பாக அழுத்திக்கொண்டே வந்தால் புயலின் நடை முழுவதும் கிடைத்துவிடும். 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தாவையும் இப்படியே பார்க்கலாம்.

ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். இது கணினி கணித்த காற்று, கருவி அளந்த காற்றல்ல. கணக்குக்காகப் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம். அதனால் புயல் கண்ணுக்கு அருகே வேகம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். நம் தெருவில் மழை வருமா என்று கேட்க வேண்டிய இடமும் இதுவல்ல. ஆனால் வங்கக் கடலில் சுழி இடப்பக்கமாகச் சுற்றுவதையும், அதே நாளில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு புயல் இருந்தால் அது வலப்பக்கமாகச் சுற்றுவதையும் ஒரே திரையில் காட்ட இதைவிட நல்ல கரும்பலகை இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் பருவம் நவம்பரில் தொடங்குவதால் டிசம்பரில் இரண்டும் சேர்ந்து அமைய வாய்ப்பு உண்டு.

இருட்டிய பிறகு ஹெவன்ஸ் அபவ் டாட் காம். பார்க்க 20 ஆண்டுகளுக்கு முந்தைய தளம்போல இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே எப்போது கடக்கும் என்று நொடிக்கணக்காகச் சொல்லும். திறந்ததும் அட்டவணையைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடுகிறவர்கள் ஏமாறுவார்கள். ஊரைக் குறிக்காதவரை தளம் நம்மை அட்சம் 0, தீர்க்கம் 0 என்ற இடத்தில், அதாவது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் வைத்திருக்கும். நேரமும் கிரீன்விச் நேரமாக இருக்கும். முதலில் மேல் வலது மூலையில் ஊரையும் நேர மண்டலத்தையும் மாற்றுங்கள். பிறகு ஐஎஸ்எஸ் (விண்வெளி நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்பதைத் தொடுங்கள்.

அட்டவணையில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று பிரகாசம். இதில் எண் குறையக் குறைய ஒளி கூடும். மைனஸ் 3 என்றால் நகர விளக்குகளுக்கு நடுவிலும் தெரியும். மற்றது உச்ச உயரம், பாகைக் கணக்கில். 40 பாகைக்குக் கீழே இருந்தால் தென்னைக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் பின்னால் போய்விடும், அதை விட்டுவிட்டு அடுத்த நாளைப் பாருங்கள். நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. இருந்தும் நமக்குத் தெரிவது அந்தி சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்பும்தான். கீழே இருட்டும் மேலே வெயிலும் சேர்ந்து அமைய வேண்டும். மினுக்கினால், சிவப்பு விளக்கு இருந்தால், அது விமானம். நிலையம் ஒரே சீராக நகரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில நாள் நடுவானத்தில் விளக்கை அணைத்ததுபோல மறையும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள்.

அதே மாடியில் ஸ்டெல்லேரியம் வெப் டாட் ஆர்க். இது கைப்பேசிக்குள் ஒரு வானம். டிசம்பர் இறுதியில் இரவு எட்டு மணி என்று வைத்துக் கிழக்கே திருப்புங்கள். உயரத்தில் கார்த்திகைக் கூட்டம், அதற்குக் கீழே ரோகிணி, இன்னும் கீழே வேட்டைக்காரன் (ஓரையன்) என்ற விண்மீன் கூட்டத்தின் தோளில் செம்மையாகத் திருவாதிரை. பெயர்கள் ஆங்கிலத்தில் வரும்: கார்த்திகை அங்கே பிளையடீஸ், ரோகிணி ஆல்டெபரன், திருவாதிரை பீட்டல்ஜூஸ். மார்கழித் திருவாதிரை நாளைத் தேதியில் கொடுத்தால் நிலா அந்தப் பக்கத்து வானத்தில் நிற்பதைக் காணலாம். பாட்டி பஞ்சாங்கத்தில் பார்ப்பதும் பேரன் திரையில் பார்ப்பதும் ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் புரியும். இருப்பிட அனுமதி கொடுக்க விருப்பமில்லை என்றால் கீழே இடப் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டு ஊரை நீங்களே குறிக்கலாம்.

ரேடியோ டாட் கார்டன். நெதர்லாந்தின் ஒலி ஒளி ஆவண நிறுவனம் வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து 2016-ல் வெளியிட்டது. உருண்டையில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓர் ஊர். நடு வட்டத்துக்குள் புள்ளியைக் கொண்டுவந்தால் அந்த ஊர் வானொலி அந்த நிமிடத்தில் என்ன ஒலிபரப்புகிறதோ அது கேட்கும். கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் பக்கம் உலாவினால் தமிழ் காதில் விழ வாய்ப்பு அதிகம். புள்ளி நிறைய நெருங்கிய இடத்தில் முதலில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஊர் வந்து மாட்டும். சில நிலையங்கள் ஊமையாக இருக்கும். அது நம் இணைப்பின் கோளாறல்ல, அந்த நிலையத்தின் இணைய ஒலிபரப்பு நின்றிருக்கும். டேட்டா கவலை உள்ளவர்களுக்குக் கணக்கு எளிது: நொடிக்கு 128 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி. காணொளியோடு ஒப்பிட்டால் சில்லறை.

வானொலிக்குத் துணையாக விண்டோ ஸ்வாப் டாட் காம். சிங்கப்பூரில் வசித்த சோனாலி ரஞ்சித், வைஷ்ணவ் பாலசுப்ரமணியம் தம்பதி 2020 ஊரடங்கில் தொடங்கியது. யாரோ ஒருவர் தன் வீட்டு ஜன்னலில் கேமராவை வைத்துப் பத்து நிமிடம் எடுத்த காட்சி, அந்த ஊரின் ஒலியோடு. மழை, பூனை, எதிர் வீட்டுக் கொடியில் துணி, இவ்வளவுதான் நடக்கும். இது பதிவு செய்த காட்சி, நேரலை அல்ல என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நேரலை வேண்டுமானால் எக்ஸ்புளோர் டாட் ஆர்க்கில் காட்டு விலங்குக் கேமராக்கள் உண்டு. ஆனால் புகழ்பெற்ற அலாஸ்கா கரடிகளைத் தேடிப் போகாதீர்கள். டிசம்பரில் அவை குகைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும், ஓடுவது பழைய பதிவாகத்தான் இருக்கும். ஆப்பிரிக்க நீர்க்குட்டைகளைத் திறங்கள். கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் அங்கே ஆறரை, தண்ணீர் குடிக்க வரும் வேளை.

தி ட்ரூ சைஸ் டாட் காம் நிலவரைபடத்தின் பொய்யைக் காட்டும் தளம். கெரார்டஸ் மெர்கேட்டர் 1569-ல் வரைந்த முறையில்தான் நாம் இன்றும் பெரும்பாலான இணைய வரைபடங்களைப் பார்க்கிறோம். துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெரிதாகும். கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். மெய்யில் அது சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவை விடச் சிறியது, ஆப்பிரிக்காவோ சுமார் 3 கோடி. பெட்டியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் வண்ண உருவம் ஒன்று வரும். அதைப் பிடித்து இழுக்க வேண்டும். வண்ணத்தின்மேல் விரல் சரியாகப் படாவிட்டால் வரைபடம்தான் நகரும், கைப்பேசியில் இதுதான் தொல்லை. இலங்கையை இழுத்து நார்வே பக்கம், 65 பாகை அட்சத்தில் விட்டுப் பாருங்கள். இருந்த இடத்தில் இருந்ததைப்போல ஐந்தரை மடங்குப் பரப்பில் தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு ஏன் என்ற கணக்கையும் கொடுக்கலாம்: ஒன்றை அட்சத்தின் கொசைன் மதிப்பின் வர்க்கத்தால் வகுத்தால் விடை ஏறத்தாழ வந்துவிடும்.

நீல் டாட் ஃபன் என்பது நீல் அகர்வால் என்ற இளைஞரின் தளம். ஆழ்கடல் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனால் எந்த ஆழத்தில் எந்த உயிர் என்று வரும். எவரெஸ்ட் 8,849 மீட்டர். அந்த எண்ணைத் தாண்டிய பிறகும் திரை இறங்கிக்கொண்டே இருக்கும், மரியானா அகழியின் சேலஞ்சர் ஆழம் வரை. இதைப் பெரிய திரையில் பார்ப்பது நல்லது.

அங்கேயே 2023-ல் வந்த "பாஸ்வேர்ட் கேம்" பெரியவர்களையும் கட்டிப்போடும். கடவுச்சொல் ஒன்றை அடிக்கச் சொல்லும். ஐந்து எழுத்து வேண்டும், ஓர் எண் வேண்டும் என்று சாதுவாக ஆரம்பிக்கும். ஐந்தாவது விதியில் எண்களின் கூட்டுத்தொகை 25 ஆக வேண்டும் என்பதில்தான் வம்பு தொடங்கும். பிற்பாடு ரோமன் எண்களின் பெருக்கல் 35 ஆக வேண்டும் என்றும், கோணலான படத்தில் உள்ள எழுத்துகளை அப்படியே சேர் என்றும் கேட்கும். அந்தப் படத்தில் எண்கள் வந்தால் முன்பு சரிசெய்த 25 கவிழ்ந்துவிடும். எண் குறைவாக உள்ள படம் வரும்வரை படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. அப்புறம் ஒரு முட்டையைக் கொடுப்பார்கள். அதன் பிறகு கடவுச்சொல்லில் தீப்பிடிக்கும். தீச்சின்னங்களை உடனே அழிக்க வேண்டும். பதற்றத்தில் முட்டையை அழித்தால் ஆட்டம் முடிந்தது. உங்கள் உண்மையான கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் இதில் அடிக்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கென்று இரண்டு. கூகுளின் பிளாப் ஓபரா 2020 டிசம்பரில் டேவிட் லீ செய்தது. நான்கு பாடகர்கள் 16 மணி நேரம் பாடிய பதிவுகளைக் கொண்டு பழக்கிய நான்கு கொழுக்கட்டை உருவங்கள். மேலே இழுத்தால் சுருதி ஏறும், முன்னும் பின்னும் இழுத்தால் உயிரொலி மாறும், ஒன்றை அசைத்தால் மற்றவை தாமாகவே இசைந்து பாடும். கிறிஸ்துமஸ் பொத்தானை அழுத்தினால் அந்தப் பாடல்களைத் தாமே பாடும். இன்னொன்று நோராட் சாண்டா டாட் ஆர்க். சாண்டா இப்போது எங்கே பறக்கிறார் என்று வரைபடத்தில் காட்டும் விளையாட்டுத் தளம். 1955-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கடை விளம்பரத்தில் தொலைபேசி எண் தவறாக அச்சாகி, சாண்டாவைக் கேட்டுக் குழந்தைகளின் அழைப்பு வான்பாதுகாப்பு மையத்துக்குப் போனதில் தொடங்கிய வழக்கம். டிசம்பர் 24 பிற்பகலுக்கு முன்னால் திறந்தால் விளையாட்டுகள் மட்டும்தான் இருக்கும், சாண்டா புறப்பட்டிருக்க மாட்டார்.

கடைசியாக, பத்திரிகைக்காரர்களுக்கே பிடிக்கக்கூடிய ஒன்று. வெப் டாட் ஆர்கைவ் டாட் ஆர்க், அதாவது வேபேக் மெஷின். 1996 முதல் சேர்த்த இணையப் பக்கங்களை 2001-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உங்கள் நாளிதழின் முகவரியையே கொடுத்து, ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் நாட்காட்டியில் வட்டங்கள் வரும். நீல வட்டத்தை மட்டும் தொடுங்கள். பச்சை வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஆரஞ்சும் சிவப்பும் அன்றைக்குப் பக்கம் சரியாகக் கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம்.

பழைய தமிழ்ப் பக்கம் திறந்ததும் அலங்கோலமான ஆங்கில எழுத்துகள் தெரியும். பக்கம் கெட்டுவிட்டது என்று மூடிவிடாதீர்கள். யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவில் எழுதியது. பாமினி என்றால் "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் அது திஸ்கியாகவோ, 1999-ல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட டாப், டாம் முறைகளாகவோ இருக்கலாம். ஒரு பத்தியை நகலெடுத்து பொங்குதமிழ் அல்லது என்ஹெச்எம் கன்வெர்டர் என்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டுங்கள். முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் ஏதோ ஒன்றில் தமிழ் சட்டென்று எழுந்து நிற்கும். தலைப்புகள் படமாக இருந்தால் மாறாது. குடும்பத்தில் ஒருவர் பிறந்த நாளின் செய்தியை இப்படித் தோண்டி எடுப்பது நல்ல விடுமுறை வேலை.

யூஸ்லெஸ் வெப் என்றொரு தளமும் பட்டியல்களில் தவறாமல் வரும். பொத்தானை அழுத்தினால் ஏதோ ஓர் உருப்படாத பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். சில பக்கங்களில் திரை கண்ணைப் பறிக்க மின்னும், திடீரென்று ஒலி அலறும். வலிப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். அச்சிட்டால் அந்த எச்சரிக்கையோடு அச்சிடுங்கள்.

உங்கள் அச்சுப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். இணைப்பில் முகவரிகளை ஆங்கில எழுத்தில் தனிக் கட்டத்தில் போட்டு, பக்கத்தில் கியூஆர் சதுரமும் வையுங்கள். ஹெவன்ஸ் அபவ், விண்டோ ஸ்வாப், ஸ்டெல்லேரியம் வெப் மூன்றிலும் இரு சொற்களுக்கு நடுவே சிறு கோடு உண்டு. பத்தி ஓரத்தில் வரி முறிந்தால் பக்க வடிவமைப்பு மென்பொருள் தானாகவே ஒரு கோட்டைச் சேர்த்துவிடும், எது அசல் கோடு என்று படிப்பவருக்குத் தெரியாது. மூன்று முகவரிகளையும் வரி முறியாமல் ஒரே வரியில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்கள் இருவர்,
மன்னார்குடி.